மதராசுக்குக் கொண்டுபோன மண்

துறைமுகத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி பட்டுப் புடவையைத் தொடவில்லை. மகளுக்கென்று வாங்கிப் போன கைக்கடிகாரத்தையும் தொடவில்லை. அடியில் கிடந்த பிஸ்கட் டின்னைத்தான் எடுத்தார். ஆட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், மூடியை நெம்பி முகர்ந்து பார்த்தார்.

“இன்னாமா இது?”

“மண்ணு.”

“மண்ணுன்னா?”

“மண்ணுன்னா மண்ணுதான். எங்க வீட்டு மாட்டுக் கொட்டகை மண்ணு. என் மகள் கேட்டாள்.”

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். “இங்க வா நைனா. பெனாங்லேர்ந்து அவனவன் டேப் ரிக்கார்டர் கொண்டாறான். இந்தம்மா மண்ணு கொண்டாந்துகீது.”

இரண்டு பேரும் விரலை விட்டுத் துழாவினார்கள். தங்கம் தேடினார்கள் போலிருக்கிறது. மகள் முன்கூட்டியே அரசாங்கத்தில் வாங்கி அனுப்பியிருந்த அனுமதிக் காகிதத்தை நீட்டினேன். ஒருவர் படித்து மற்றவரிடம் கொடுத்தார், அவர் படித்து இவரிடமே திருப்பிக் கொடுத்தார். கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த கிழவி வெயிலில் நிற்கிறாளே, ஒரு நாற்காலி போடுவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில், “ஒரு புழு பூச்சி இல்ல, நல்லா பளிச்சுனு கீது” என்று மூடித் தந்தார்.

இருக்காதா? சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, பாயில் பரப்பி ஆறவைத்து டின்னில் அடைத்தது. கப்பலில் போகிற எந்தச் சாமானையும் நான் வறுக்காமல் அனுப்பியது கிடையாது. ரவையை வறுப்பேன், மாவை வறுப்பேன், மிளகாயை வறுப்பேன். வறுக்காவிட்டால் கடல் தாண்டுவதற்குள் வண்டு விழும். மண்ணுக்கும் அதே மரியாதையைச் செய்தேன்.

நான் தைப்பிங்கில் இருப்பவள். மலேசியாவில் அதைவிட மழை பெய்கிற ஊர் இல்லை என்பார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகும். அவசரக்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மாடு வைத்துப் பால் ஊற்றி இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

மகன் என்னோடு இருக்கிறான். மகள் வசந்தா படிக்க மதராசுக்குப் போனவள், படித்துக்கொண்டே இருந்து அங்கேயே தங்கிவிட்டாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போகச் சொல்கிறாள். இது என்ன வகை டாக்டரோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

உண்மையில் நான் போனது அவளைக் கூட்டிக்கொண்டு வர. கல்யாணப் பேச்செல்லாம் என்றைக்கோ முடிந்துபோன விஷயம், அதை எடுத்து என் வாயைக் கெடுத்துக்கொள்வதில்லை. தலை நரைக்கத் தொடங்கியும் ஒரு மாடி அறையில் தனியாகக் கிடக்கிறாளே என்றுதான். மண் என்பது வழியில் வந்து ஒட்டிக்கொண்ட வேலை.

வசந்தா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு பேருக்கு வழி சொல்லியாகிவிட்டது. பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம். ஒரு டாக்ஸி பிடித்தாள். ஏறியதும் டிரைவர் சொன்னான், “கதவ புடிச்சுக்கோமா, தொறந்துக்கும்.” மயிலாப்பூர் வரைக்கும் அவன் வண்டிக் கதவை நான் பிடித்துக்கொண்டு வந்தேன். கூலி மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டான்.

அவள் குடியிருந்தது மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில். கீழே வீட்டுக்கார ஜானகி மாமி. அந்த வருஷம் மதராசில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. விடியும் முன்பே தெருவில் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும், மனிதர்கள் பிறகு வருவார்கள். தண்ணீர் லாரி வந்தால் மாமி அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீரைக் குடத்தால் எண்ணி நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன்.

“தெனம் உங்க ஊர் மழையைப் பத்தியே சொல்லிண்டிருக்கேளே,” என்றாள் மாமி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. “அதைக் கொஞ்சம் எடுத்துண்டு வந்திருக்கப்படாதோ? மண்ணைத் தூக்கிண்டு வந்திருக்கேள்.”

மார்கழி மாதம். கண்ணை மூடினால் பஜனைக் கோஷ்டி ஒலிபெருக்கியோடு வந்துவிடும். காப்பி ஒன்றில்தான் அந்த ஊரைக் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, காட்டமாக இருக்கும், அது உழைக்கிறவனுக்கு. மாமியின் காப்பி வேறு ஜாதி. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் வசந்தா என்னை அடையாறு பக்கம் அவள் வேலை செய்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். பழைய கட்டடம், பெரிய மரங்கள். அவளுடைய அறைக்குள் நுழைந்ததும் மழை பெய்து ஓய்ந்த தெரு மணத்தது. ஜன்னலுக்கு வெளியே புல் கருகிக் கிடக்கிறது, உள்ளே மழை வாசனை. கண்ணாடிக் குழாய்களில் அவள் வளர்க்கிற கிருமிதான் அப்படி மணக்கிறது என்றாள்.

“இது பூசணமும் இல்லம்மா, சாதாரணக் கிருமியும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. நம்ம கொட்டகை மண்ணுல கெடச்சது. நான் லீவுக்கு வந்தப்ப ஒரு சிமிழ்ல கொண்டு போனேனே.”

அந்தக் கிருமி ஒரு மஞ்சள் தண்ணீர் விடுமாம். படர்தாமரையை உண்டாக்குகிற பூசணத்தின் மேல் அதைத் தொட்டு வைத்தால் சுற்றிலும் வட்டமாக வெளுத்துச் செத்துப்போகுமாம். இதை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் எழுதினது, வெளிநாட்டுக்காரர்கள் படித்தது எல்லாம்.

“பத்து பேர் படிக்கிறாங்கம்மா. நல்லா இருக்குன்னு எழுதுறாங்க. படர்தாமரை வந்தவன் இன்னும் சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கான்.”

அதனால் ஆராய்ச்சிக்கூட வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். மாத முடிவோடு சரி. தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடைக்காரர், தெற்கத்திக்காரர், புதிதாக மருந்துக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார். அந்த மஞ்சள் தண்ணீரில் களிம்பு போடலாம் என்று அவளுக்கு வேலை தருவதாகப் பேச்சு. தை பிறப்பதற்குள் கிருமி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். கிருமியோ குழாய்க்குக் குழாய் மாற்றி மாற்றி வளர்த்ததில் அலுத்துப்போய்விட்டது. வளர்கிறது, ஆனால் முன்போல மஞ்சள் தண்ணீர் விடுவதில்லை. அது பிறந்த மண்ணிலிருந்து மறுபடி எடுக்கத்தான் என் டின்.

பால் வற்றிய மாட்டை எனக்குத் தெரியாதா? சரி என்றேன்.

டின்னைத் திறந்து பார்த்து, “நல்லாக் காய வெச்சிருக்கியேம்மா” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கரண்டி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தட்டுகளில் துளித் துளியாக விட்டு, வெதுவெதுப்பான ஒரு பெட்டிக்குள் வைத்தாள். ஒரு வாரம் ஆகும் என்றாள்.

அந்த வாரம் நான் ஊர் பார்த்தேன். பார்த்ததைவிட நின்றது அதிகம். பஸ்ஸுக்கு நின்றேன், கற்பூரம் வாங்க நின்றேன், கோயிலில் சாமியை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய மனிதருக்குப் பின்னால் நின்றேன். கடற்கரையில் சுண்டல் வாங்கினால் பாதி மணல். இதை மணல் விலைக்கே கொடுக்கலாமே என்றேன். விற்கிறவள், “கடலாண்ட வந்து துன்னா மண்ணு இல்லாம பன்னீரா கெடைக்கும்?” என்றாள். அந்த ஊரில் யாரிடமும் கடைசி வார்த்தை பேசிவிட முடியாது.

வாரம் முடிந்த அன்று சாயங்காலம் வசந்தா வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்தாள்.

“அம்மா, மண்ண என்ன பண்ணினே?”

“என்ன பண்ணுவேன்? சலிச்சேன். வறுத்தேன்.”

“வறுத்தியா?”

“வறுக்காம எப்படிக் கப்பல்ல கொண்டு வர்றது? பூச்சி புடிக்காதா?”

“ஒரு பூச்சி இல்லம்மா. தட்டு எல்லாம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. நான் கேட்டதே அந்தப் பூச்சியத்தான்.”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். கத்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். “படிச்சவதானே, உயிரோட வேணும்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன?” என்றேன்.

“மண்ண ஒருத்தர் வறுப்பாங்கன்னு எனக்கு எப்படிம்மா தோணும்?”

அவள் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். அதனால் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, அண்ணனை மறுபடி அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டாள். கொட்டகையை இடித்து, மகனின் காடி, அதாவது கார், நிறுத்த சிமெண்ட் போட்டாகிவிட்டது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. நான் கப்பல் ஏறும்போதே மேஸ்திரி வந்து நின்றிருந்தான். அவள் எழுந்து போய் அரைக் குவளைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வழக்கம்போலப் புறப்பட்டுப் போனாள், வந்தாள். எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் லாரிக்கு நின்றபோது ஜானகி மாமிதான் சொன்னாள்.

“தப்பா நெனச்சுக்காதேங்கோ. பொண்ணை ஆத்துக்கு அழைச்சுண்டு போகணும்னுதானே வந்தேள்? இப்போ பழைய வேலையும் போயிடுத்து, புதுசும் இல்லே. அவ உங்களோட வந்துதானே ஆகணும்? நன்னா வறுத்தேள், போங்கோ.”

நாங்கள் மாடிப்படியில் பேசியதெல்லாம் கீழே கேட்டிருக்கிறது. வேண்டுமென்றே செய்தேன் என்கிறாள். என் மகளை நான் கூப்பிட்டால் வாசல் வழியாகக் கூப்பிடுவேன், கொல்லைப்புறமாக வந்து காலை வாரிவிட மாட்டேன். மாமி இப்படி நினைத்தால் ஊர் நினைக்கும். வசந்தாவும் ஒரு நாள் நினைப்பாள். அன்றைக்கே தி.நகர் போய் அந்த முதலாளியிடம் நானே நேரில் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

பஸ் வந்தது. “தி.நகர் போகுமா?” என்றேன். “ஏறும்மா ஏறு” என்றான் கண்டக்டர். ஏறினேன். ஊர் போய்க்கொண்டே இருக்கிறது, தி.நகர் வரவில்லை.

“இன்னாமா நீ, பாண்டி பஜார்னா வேற வண்டில போவணும். இது சைதாப்பேட்டை போய்க்கினு கீது.”

“ஏறுன்னு நீதானே சொன்னே?”

“ஏறுன்னு சொன்னேன். தி.நகர் போவும்னு சொன்னனா?”

சைதாப்பேட்டையில் இறங்கி ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும், “மேடு கீதும்மா, எறங்கி நட” என்றான். அவன் வண்டியைத் தள்ள, நான் பக்கத்தில் நடக்க, காசு கொடுத்த வண்டிக்குத் துணையாகப் போனேன். மேடு முடிந்த பிறகும் அவன் ஏறச் சொல்லவில்லை. நானாகத்தான் ஏறினேன்.

துணிக்கடை மூன்று மாடி. வெள்ளை மெத்தையில் உட்காரவைத்து, கையில் கலர் சோடாவைக் கொடுத்து, வாயைத் திறப்பதற்குள் முன்னால் சேலையை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“எனக்குச் சேலை வேணாம். முதலாளியப் பாக்கணும்.”

“பாருங்க ஆச்சி. முதலாளி வார வரைக்கும் இதையும் பாருங்க. பாக்கிறதுக்குக் காசில்ல.”

முதலாளி வந்தபோது சேலைக் குவியல் என் இடுப்பு வரை வந்திருந்தது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. நான் யார் என்று தெரிந்ததும் தானும் மெத்தையில் உட்கார்ந்தார்.

“டாக்டரம்மாவுக்குத் தாயாரா? இரிங்க, இரிங்க. எதுக்கு இம்புட்டு தூரம் வந்திய?”

“தம்பி, அந்த மண்ணு கெட்டுப்போனதுக்கு என் மகள் காரணம் இல்ல.”

“கேள்விப்பட்டேன்மா. கப்பல்ல கடத்தண்ணி பட்டுட்டாமே. நேத்தே டாக்டரம்மா வந்து சொல்லிட்டுப் போனாவ. அதுக்கு நீங்க என்ன செய்விய?”

“கடல் தண்ணியா? என் டின்னுல ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. நான் கட்டின கட்டு அப்படி. நான் வறுத்தேன் தம்பி.”

“என்னது?”

“சட்டியில போட்டு வறுத்தேன்.”

கடைப் பையன்கள் சேலை மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.  அண்ணாச்சி சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். துடைத்து முடித்தபோது சிரிப்பு இல்லை.

“அப்பம் டாக்டரம்மா கடத்தண்ணின்னு ஏன் சொன்னாவ?”

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி மூடிவைத்திருக்கிறாள். நான் டின் கட்டின பெருமையில் அதைத் திறந்து கொட்டிவிட்டேன்.

“நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாள்.”

“அது எனக்கு வெளங்குதும்மா. தாய்க்காவ சொன்னது. ஆனா பாருங்க, சாயம் போவாதுன்னு பொய் சொல்லிச் சேலைய வித்தா, போனா சேலைதான் போவும். மருந்துல ஒரு பொய்ய நான் எங்க கொண்டு வெக்க?”

 நானும் ஆயுசு முழுக்கப் பால் ஊற்றியவள். ஒரு நாள் தண்ணீர் கலந்தால் மறுநாள் வாசலில் பாத்திரம் இருக்காது. அவர் பேசியது சரி என்று தெரிந்தது, அதனால் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அவர் போன் போட்டு வசந்தாவை வரச் சொன்னார். அவள் வருவதற்குள் எனக்குத் தோசை வரவழைத்தார். இந்த நிலைமையில் தோசையா என்று தள்ளிவைக்கத்தான் நினைத்தேன். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. கோபத்திலும் அதைச் சொல்ல வேண்டும்.

வசந்தா வந்தாள். சேலைக் குவியலுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“டாக்டரம்மா, கடத்தண்ணியா, வறுத்ததா?”

“வறுத்தது.”

“ஏன் மாத்திச் சொன்னிய?”

“இந்தக் கடை முழுக்க எங்கம்மாவ ‘மண்ணு வறுத்த அம்மா’ன்னு பேசும். அது வேணாம்னு நெனச்சேன். தப்புதான்.”

“இன்னும் என்னமும் மாத்திச் சொல்லியிருக்கியளா?”

இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று நான் மனசுக்குள் அவளை இடித்துக்கொண்டிருந்தேன். அவள் யோசித்தாள். சின்ன வயதில் கணக்குப் போடும்போது இப்படித்தான் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பாள்.

“ஒண்ணு இருக்கு. அந்தக் கிருமி மஞ்சத் தண்ணி கொஞ்சம் கொறச்சலா விடுதுன்னு உங்ககிட்டச் சொன்னேன். கொறச்சல் இல்ல. அடியோட நின்னு ஒரு வருஷம் ஆகப்போகுது. புது மண்ணு வந்தா சரியாயிடும்னு நம்பினேன். அந்த நம்பிக்கைய உங்களுக்குச் சரக்குன்னு காட்டிட்டேன்.”

அண்ணாச்சி பக்கத்தில் கிடந்த ஒரு சேலையின் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். 

“களிம்புக்குன்னு வாங்கின டிரம்மு ஷெட்டுல கெடக்கு,” என்றார் கடைசியில். “களிம்பு வேலை இல்ல. நான் சொன்ன சம்பளமும் இல்ல.”

அவள் தலையாட்டினாள்.

“இருமல் மருந்து போடுதோம். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் சரியா இருக்கான்னு பாக்கணும். சரியில்லன்னா சரியில்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொன்னா கொட்டிப்புடுவேன். அந்த வேலைக்கு ஒரு ஆள் வேணும். உங்களால சொல்ல முடியுமா?”

“முடியும்.”

“நான் கோவப்பட்டா?”

“இப்பவும் கோவமாத்தான் இருக்கீங்க. சொல்லிட்டேனே.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இவளை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கிற பார்வை. நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

அத்தோடு விட்டாளா? “தனியா ஒரு மேசை வேணும், சாயங்காலத்துல நான் மண்ணு பாக்க” என்றாள்.

“எந்த மண்ணு? அதான் வறுத்தாச்சே.”

“எந்த மண்ணா இருந்தாலும் சரி. ஆயிரம் பாத்தா ஒண்ணு ரெண்டுல ஏதாவது அகப்படும். அதுவும் மருந்தாகும்னு நான் சொல்லமாட்டேன்.”

“நல்லாச் சொன்னிய போங்க,” என்றார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பினார். எல்லாப் பையன்களும் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள். “ஏலேய், பொங்கலுக்கு ஊருக்குப் போறவன் பூரா ஆளுக்கு ஒரு பொட்டலம் மண்ணு கொண்டாரணும், கேட்டியளா?”

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே அவளைத் திட்டினேன். ஊரெல்லாம் டாக்டர் என்று கூப்பிடுகிறவள் இருமல் மருந்துக்குக் காவலா என்றேன். இரண்டாவது விஷயத்தை யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்றேன்.

“நீ ஆரம்பிச்சு வெச்சே. நான் முடிச்சேன்” என்றாள்.

“வீட்டுக்கு வந்துடு வசந்தா.”

“வந்து?”

வந்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பொங்கல் முடிந்து பொட்டலங்கள் வரத் தொடங்கின. அவளுக்கு மேசை இன்னும் வந்து சேராததால் பையன்கள் மாடிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவன் கோயில் புற்று மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து குங்குமம் வைத்திருந்தான். ஒருவன் துளசி மாடத்து மண்ணில் பச்சைக் கற்பூரம் பொடித்துப் போட்டிருந்தான், வாசனைக்காம். இன்னொருவன் நாலு வயல் மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டான். சித்தப்பா வயலை மட்டும் விட்டால் அவர் கோபித்துக்கொள்வாராம். ஒருவரும் வறுக்கவில்லை. அந்த மட்டில் அவர்கள் என்னைவிடத் தேவலை.

வசந்தா தரையில் உட்கார்ந்து குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “வெறும் மண்ணத்தானே கேட்டாங்க? இதெல்லாம் யாரு உங்களப் போடச் சொன்னது?” என்று கற்பூரக்காரனைக் கேட்டேன்.

“டாக்டரம்மா கைக்குப் போற மண்ணு, ஆச்சி,” என்றான். “சும்மா தோண்டியா குடுக்க முடியும்?”

 அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மாசியில் எனக்குக் கப்பல். புறப்படுகிற அன்று காலை வசந்தா விடிவதற்கு முன்பே கம்பெனிக்குப் போய்விட்டாள், நேரே துறைமுகத்துக்கு வருவதாகச் சொல்லி. என்னைக் கூட்டிப்போக அண்ணாச்சியே காரில் வந்தார். மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, புலம்புவதற்கு ஆள் தேடி வந்திருக்கிறார்.

“ஒரு டிரம்மும்மா. முழு டிரம்மு. உங்க மக வந்து, லேசாக் கலங்கலா இருக்குங்காவ. குடிச்சா ஆளுக்கு ஒண்ணும் செய்யாதாம், ஆனா சரியில்லையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சத்தம் போட்டேன். நல்லாச் சத்தம் போட்டேன். அவ்வோ பாட்டுக்கு நிக்காவ. நான் சொல்லி முடிச்ச பொறவு, சரியில்லைங்காவ மறுபடியும்.”

“கொட்டினீங்களா?”

“கொட்டினேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கடத்தண்ணின்னு பொய் சொன்னாவளே, அப்ப எனக்குச் செலவு கம்மி.”

மதராசில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவருக்கு முதலில் கோபம், பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி துறைமுகம் வரை போனோம்.

வசந்தா கடைசி நேரத்தில் ஓடி வந்தாள். டிரம்மைக் கொட்டும்போது பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். சேலைக் கீழ்க்கரை முழுக்க இருமல் மருந்து, நடந்தால் செருப்பு ஒட்டி ஒட்டி எழும்புகிறது. தலை வாரவில்லை. காலையில் சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை. முதலாளி அந்தப் பக்கம் மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் கண்ணிலோ ஒரு கலக்கமும் இல்லை.

இந்த முறையாவது கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவது என்று, சொல்ல வேண்டிய வார்த்தையை நான் பல நாளாகக் கோத்து வைத்திருந்தேன். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தேன்.

“சேலைய வீட்டுக்குப் போனதும் ஊறப் போடு,” என்றேன். “பாகு காஞ்சா போகாது.”